மாணவர் எழுத்தும் தன்குரலும்: ஒரு வரலாற்று நோக்கு

மாணவரது எழுத்திலே தன்குரல் அமைவதில்லை என்னும் குறை ஆசிரியரிடையே அடிக்கடி கேட்கப்படுவது. அதனை மாணவரின் ஆற்றற் குறைவாகக் கொள்வதே வழக்கம். ஆயின், குரல் என்பது ஒருவர் பிறப்போடு கொண்டுவரும் தனியுடைமையன்று. சமூக உறவுகளே அதனை வளர்க்கவோ அடக்கவோ செய்கின்றன. யாழ்ப்பாணத்து வரலாறு இதற்குச் சான்றாகும்.

சண்டிலிப்பாயிற் கோயில்கொண்ட கல்வளைப் பிள்ளையார்மீது ஒல்லாந்தர் காலத்திலே கல்வளையந்தாதி பாடியவர் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர். ஒரு செய்யுளின் இறுதி அடுத்ததன் தொடக்கமாவது அந்தாதி. மரபுவழிக் கல்வியும் ஏறத்தாழ அத்தகையதே. ஆசிரியர் முடித்த சொல்லில் மாணவன் தொடங்கினான். இப்பயிற்சி மொழித்தேர்ச்சியை அளித்தது என்பதை மறுத்தல் தகாது. அதனைப் பெற்றோர் யாவர் என்பதே நமது வினா. அதே புலவரின் பறாளை விநாயகர் பள்ளிலே பள்ளனும் பள்ளியரும் பேசுகின்றனர். ஆனால், அப்பேச்சு புலவர் அவர்க்கு வகுத்தளித்தது. வயலில் உழைத்தோர் அங்கு பாடுபொருளாயினர்; பாடுவோராகவில்லை.

எழுதுவதற்கு முன்னர் அமர்வதற்கு இடம் வேண்டும். 1930 ஆம் ஆண்டையொட்டிப் பாடசாலைகளிற் சமஆசனம் வழங்க முற்பட்டபோது சாதிமான்கள் அதனை எதிர்த்தனர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. வாங்கிலே சமமாக இருக்க அனுமதிக்கப்படாத பிள்ளையிடம் தன்குரலை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், பின்னர் விரிவுற்ற தாய்மொழிக் கல்வியும் நிலைமையை மாற்றின. 1960 இல் பல்கலைக்கழகக் கலைப்பீடத்திலும் தமிழ் போதனாமொழியாயிற்று. ஈராண்டுகளில், 1962 இல், பேராதனை மாணவரின் சிறுகதைகள் ‘கதைப்பூங்கா’ என்னும் தொகுதியாக வெளிவந்தமை தற்செயலன்று எனலாம். கிராமங்களிலிருந்து சென்ற இளைஞர் தாம் கண்டறிந்த வாழ்வைத் தாமே எழுதத் தலைப்பட்டனர்.

எனினும், கல்விக்கூடத்தின் கதவு எல்லோர்க்கும் திறந்திருக்கவில்லை. பாடசாலையை இடையில் விட்டு முடிதிருத்தும் தொழில் செய்த டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960 இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. இத்தகைய படைப்புகளில் ஒலித்த உழைக்கும் மக்களின் பேச்சைப் பண்டிதர் சிலர் ‘இழிசனர் வழக்கு’ என்றனர். அவர்கள் இலக்கணத்தின் பெயராற் பேசினும், காக்க முனைந்தது சமூகப் படிநிலையையே என்பது மனங்கொளத்தக்கது.

அவ்விவாதம் முற்றாக முடிந்துவிடவில்லை. பரீட்சைக்கெனத் தயாரிக்கப்பட்ட மாதிரிக் கட்டுரைகளை மனனஞ்செய்யும் மாணவர் இன்றும் புதியதோர் அந்தாதியையே தொடுக்கின்றனர். சண்டிலிப்பாய்ச் சிறுமியொருத்தி தன் வீட்டுச் சொல்லொன்றைக் கட்டுரையில் எழுதும்போது, அதன்மேற் சிவப்பு மை கோடிழுக்குமுன் ஆசிரியர் சற்று நிற்றல் வேண்டும். அச்சொல் இலக்கணப் பிழையா, அன்றி இதுவரை ஏட்டில் ஏறாத வாழ்வொன்றின் சாட்சியமா என வினவுதல் அவர் கடன். கேட்பதற்கு ஆயத்தமான சமூகத்திலேயே குரல் பிறக்கின்றது.