பகிர்வு நிரலகம்

வரிசை என்னும் பொருளில் நிரல்நிறை அணியில் வழங்கும் 'நிரல்', கணினிக்கான கட்டளைத் தொடரைக் குறிக்க வந்தபின், 'அகம்' சேர்ந்து 'நிரலகம்' ஆயிற்று. 1949இல் இயங்கத் தொடங்கிய கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினிக்குரிய துணைநிரல்கள் துளையிட்ட காகித நாடாக்களாகவே சேமிக்கப்பட்டிருந்தமையால், 'அகம்' மிகையன்று. பல நிரல்கள் பொதுவில் பயன்படுத்தும் கோப்பே பகிர்வு நிரலகம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் உள்ளிட்ட லினக்ஸ் கணினிகளில், மூலநிரலைக் கம்பைல் செய்வது பிழையின்றி முடிந்தும் நிரல் இயங்க மறுப்பதுண்டு. கம்பைல் வேளையில் நிரலகக் கோப்பைத் தேடும் லிங்கரும், இயக்கும்போது தேடும் லோடரும் வெவ்வேறு அடைவுகளைப் பார்ப்பதே பெரும்பாலும் காரணம். 'எல்டிடி' கட்டளை கிடைக்காத நிரலகத்தைப் பெயரோடு காட்டும். அந்நிரலகம் உள்ள அடைவை 'எல்டி.எஸ்ஓ.கான்ஃப்' கோப்பில் எழுதி, ரூட் உரிமையுடன் 'எல்டிகான்ஃபிக்' கட்டளையை இயக்கினால் லோடரின் பட்டியல் புதுப்பிக்கப்படும்.