காற்றும் உடைமையும்: 1863ஆம் ஆண்டுக் காரச் சட்டம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வளிமண்டலத்தின் இரசாயனச் சேர்க்கை என்றும் ஒருபடித்தாய் இருந்ததன்று. இன்று காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக உள்ள ஒட்சிசன், ஒளித்தொகுப்புச் செய்யும் நுண்ணுயிர்களின் செயலால், ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான் குறிப்பிடத்தக்க அளவிற் சேரத் தொடங்கியது. அம்மாற்றம் புவிச்சரிதவியலுக்குரியது. கைத்தொழிற் புரட்சியின் பின்னர் மனிதனின் உற்பத்தி முறை காற்றில் ஏற்படுத்திய மாற்றமோ சமூக வரலாற்றுக்குரியது. காற்றைக் கெடுத்தோர் யாவர், அக்கேட்டை அளந்தோர் யாவர், எவருடைய இழப்பைச் சட்டம் பொருட்படுத்தியது ஆகிய வினாக்களை விடுத்து அவ்வரலாற்றை எழுதுதல் இயலாது. இவ்வினாக்களை ஆராய்வதற்குப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1863இல் நிறைவேற்றிய காரச் சட்டம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். ஒரு குறிப்பிட்ட வாயுவின் வெளியேற்றத்தை எண்ணளவால் வரையறுத்த தொடக்ககாலச் சட்டங்களுள் அது முதன்மையானது.

1. சோடாவும் அதன் கழிவும்

ஆடை, கண்ணாடி, சவர்க்காரம் ஆகியவற்றின் உற்பத்திக்குச் சோடா எனப்படும் சோடியங் காபனேற்று இன்றியமையாதது. கரையோரத் தாவரங்களையும் கடற்பாசிகளையும் எரித்த சாம்பலே நெடுங்காலம் அதற்கு மூலமாயிருந்தது. விரிவடைந்துவந்த தொழில்களுக்கு அச்சாம்பல் போதவில்லை. 1791இல் நிக்கொலா லெபிளாங் என்பார் சாதாரண உப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்குப் பிரான்சிற் காப்புரிமை பெற்றார். உப்பைச் சல்பூரிக்கமிலத்துடன் சூடாக்கிச் சோடியஞ் சல்பேற்றைப் பெறுதல் இதன் முதற்படி. அதனை நிலக்கரியோடும் சுண்ணாம்புக்கல்லோடும் உலையிலிட்டுச் சோடாவைப் பெறுதல் இரண்டாம் படி. முதற்படியில் ஐதரசன் குளோரைட்டு வாயு வெளியேறும். இரண்டாம் படியிற் கல்சியஞ் சல்பைட்டுக் கலந்த கழிவு எஞ்சும்.

பிரித்தானியாவில் ஜேம்ஸ் மஸ்பிராற் என்பார் 1823இல் லிவர்ப்பூலில் இம்முறைப்படி உற்பத்தியைத் தொடங்கினார். 1825இல் உப்பு வரி நீக்கப்பட்டதும் இத்தொழில் விரைந்து வளர்ந்தது. சென் ஹெலன்ஸ், விட்னஸ், கிளாஸ்கோ, தைன் நதிக்கரை ஆகியன இதன் மையங்களாயின. வெளியேறிய வாயு காற்றின் ஈரத்தோடு கூடி அமில மூடுபனியாய்த் தாழப் படிந்தது. மரங்கள் பட்டன, வேலிச்செடிகள் கருகின. எதிர்ப்பு வலுத்தபோது ஆலை முதலாளிகள் புகைபோக்கிகளை உயர்த்தினர். கிளாஸ்கோவின் சென் ரொலொக்ஸ் ஆலையில் 1842இல் எழுப்பப்பட்ட புகைபோக்கி 400 அடிக்கும் மேற்பட்ட உயரமுடையது. இதனால் வாயுவின் அளவு சிறிதும் குறையவில்லை. அது பரவிய பரப்பே கூடிற்று.

2. அறியப்பட்டும் கைக்கொள்ளப்படாத பரிகாரம்

இவ்விடத்து ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. இக்கேட்டுக்குரிய பரிகாரம் சட்டம் தோன்றுவதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. ஐதரசன் குளோரைட்டு நீரில் மிக எளிதிற் கரையும். 1836இல் வில்லியம் கொசேஜ் என்பார், சுள்ளிகள் அடைக்கப்பட்ட கோபுரமொன்றினுள் நீரைச் சொட்டவிட்டு, அதனூடாக வாயுவைச் செலுத்திக் கரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அது பரவலாகக் கைக்கொள்ளப்படவில்லை. பெருந்தொகையாகக் கிடைக்கும் அமிலத்துக்கு அக்காலத்திற் போதிய சந்தை இல்லாமை இதற்கொரு காரணம். வாயுவைக் காற்றில் விடுவதற்கு முதலாளி எவருக்கும் எதுவும் செலுத்தவேண்டியிருக்கவில்லை என்பது அதனினும் வலிய காரணம்.

பாதிக்கப்பட்டோர் நீதிமன்றஞ் செல்லலாம். லிவர்ப்பூல் நகராட்சி 1838இல் மஸ்பிராற்றின் ஆலைமீது தொடுத்த வழக்கு வெற்றி பெற்றது. ஆனால் பல ஆலைகள் அருகருகே நின்ற இடங்களில், தம் பயிரை அழித்தது எப்புகைபோக்கி என நிறுவுதல் அரிதாயிற்று. வழக்காடும் பொருள்வலி சிறு குடியானவனுக்கு இருக்கவுமில்லை.

நிலைமையை மாற்றியவர்கள் பெருநிலவுடைமையாளரே. முன்னாட் பிரதமரான டார்பிப் பிரபுவின் நோஸ்லிப் பண்ணை சென் ஹெலன்ஸுக்கு அண்மையில் இருந்தது. 1862இல் அவரது முயற்சியால் பிரபுக்கள் சபை நச்சாவிகள் பற்றி ஆராயத் தெரிகுழுவொன்றை அமைத்தது. அவரே அதற்குத் தலைமை தாங்கினார். மறு ஆண்டிற் சட்டம் பிறந்தது. லெபிளாங் முறை ஆலைகள் தாம் உண்டாக்கும் ஐதரசன் குளோரைட்டில் நூற்றுக்கு 95 பங்கையேனும் ஒடுக்கிக் கரைத்தல் வேண்டும் என அது விதித்தது.

எனவே இச்சட்டத்தைப் பொதுநலனின் வெற்றியெனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. நிலவுடைமைக்கும் ஆலை முதலுக்குமிடையே எழுந்த பிணக்கின் தீர்வாகவே அது அமைந்தது. மதிலுக்கு வெளியே நின்ற மரத்தை அது காத்தது. மதிலுக்கு உள்ளே நின்ற தொழிலாளியைக் காக்கவில்லை. சல்பேற்று உலைகளில் உழைத்தோரின் பற்களை அமில ஆவி அரித்தது. வெளிற்றுந்தூள் பொதிசெய்தோர் குளோரீனுக்கு அஞ்சித் தடித்த கம்பளித்துணியை வாயிற் சுற்றிக்கொண்டு வேலை செய்தனர். அவர்களுடைய சுவாசம் தெரிகுழுவின் ஆராய்வுப்பொருளாய் இருக்கவில்லை.

3. அளவையும் இலாபமும்

எனினும் வர்க்க நலன் ஒன்றையே காரணமாகக் காட்டி அமைதல் முழுமையான விளக்கமாகாது. அளத்தற்குரிய அறிவு இன்றேல் 95 வீதம் எனும் விதி வெற்றெழுத்தாய் முடிந்திருக்கும். அவ்வறிவைச் சட்டத்துக்கு அளித்தவர் முதலாவது காரப் பரிசோதகரான ரொபேட் அங்கஸ் சிமித் (1817 - 1884). ஜெர்மனியில் லீபிக்கிடம் இரசாயனம் பயின்ற இவர், 1852இல் மான்செஸ்டர் நகரினதும் அதன் சூழலினதும் மழைநீரைப் பகுத்தாய்ந்து மூன்று வலயங்களைக் கண்டார். தொலைவிலுள்ள வயல்வெளியில் அமோனியங் காபனேற்றும், புறநகரில் அமோனியஞ் சல்பேற்றும், நகரின் நடுவிற் சல்பூரிக்கமிலமும் மழைநீரிற் காணப்பட்டன. 1872இல் வெளியான ‘காற்றும் மழையும்’ என்னும் பொருளுடைய தம் நூலில் ‘அமிலமழை’ எனும் தொடரை ஆண்டவரும் இவரே.

பரிசோதகர் என்ற முறையிற் சிமித் முதலாளிகளைத் தண்டிப்பதிலும் அறிவுறுத்துவதையே பெரிதும் விரும்பினார். இதற்காகக் கண்டனத்துக்கும் உள்ளானார். ஆயினும் ஆலைகள் விரைவிலேயே சட்டத்துக்கு இணங்கின. இதற்குப் பொருளியற் காரணமும் உண்டு. 1860களின் பிற்பகுதியில் வெல்டன், டீக்கன் ஆகியோரின் முறைகள் ஐதரோகுளோரிக்கமிலத்திலிருந்து குளோரீனை மலிவாகப் பெற வழிசெய்தன. பருத்தியாடையையும் காகிதத்தையும் வெளிற்றுவதற்குக் குளோரீன் வேண்டப்பட்டது. பின்னர் சொல்வேயின் அமோனியா முறை மலிந்த சோடாவைச் சந்தைக்குக் கொணர்ந்தபோது, லெபிளாங் ஆலைகளைத் தாங்கி நின்றது இக்குளோரீன் வணிகமே. ஒரு காலத்தில் வீணென வெளியே விடப்பட்ட வாயு, தொழிலின் உயிர்நாடியாயிற்று.

சட்டத்தின் குறைபாடும் விரைவில் வெளிப்பட்டது. உற்பத்தி பெருகியபோது எஞ்சிய 5 வீதமும் உடன் பெருகிற்று. ஆதலின் 1874ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், புகைபோக்கி வாயுவின் ஒரு கன அடியில் 0.2 கிறெயின் அமிலத்துக்கு மேல் இருத்தலாகாது என விதித்தது. மேலும், ஓடைகளில் விடப்பட்ட அமிலம், குவிந்துகிடந்த சல்பைட்டுக் கழிவோடு சேர்ந்து, நாற்றமும் நஞ்சும் மிக்க ஐதரசன் சல்பைட்டைத் தோற்றுவித்தது. காற்றிலிருந்து நீருக்கு மாற்றப்பட்ட கேடு மீண்டும் காற்றுக்கே வந்தது.

4. சட்டம் தொடாத புகை

சிமித் 1852இற் கண்ட சல்பூரிக்கமிலம் பெரும்பாலும் நிலக்கரியின் கந்தகத்திலிருந்து தோன்றியது. ஆனால் 1863ஆம் ஆண்டுச் சட்டம் நிலக்கரிப் புகையைத் தொடவில்லை. அப்புகை ஒருசில ஆலைகளிலிருந்து மட்டும் வந்ததன்று. நீராவிப் பொறிகள் யாவும், வீட்டடுப்புகள் யாவும் அதற்கு மூலங்கள். அதனைத் தடுத்தல் செலவைத் தந்ததன்றி இலாபத்தைத் தரவில்லை. பொதுச் சுகாதாரச் சட்டங்களிற் சேர்க்கப்பட்ட புகை பற்றிய வாசகங்கள் வலுவற்றனவாகவே இருந்தன. 1952 டிசம்பரில் இலண்டனை மூடிய புகைமூட்டத்தால் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. பிந்திய ஆய்வுகள் அத்தொகை 12,000 வரை இருக்கலாம் எனக் கூறுகின்றன. 1956இலேயே தூயகாற்றுச் சட்டம் வந்தது.

அதன்பின்னரும் மின்னிலையங்கள் பழைய வழியையே நாடின: புகைபோக்கிகள் மேலும் உயர்ந்தன. 1968இற் சுவீடிய விஞ்ஞானி சுவாந்தே ஒடென், தம் நாட்டு ஏரிகளை அமிலமாக்கும் கந்தகத்திற் பெரும்பகுதி பிற ஐரோப்பிய நாடுகளிலிருந்து வருவதை எடுத்துக்காட்டினார். எல்லை கடந்த வளிமாசு பற்றிய சமவாயம் 1979இல் ஜெனீவாவிற் கைச்சாத்திடப்பட்டது. தெற்காசிய நாடுகள் இப்பொருள் பற்றி 1998இல் மாலே பிரகடனத்தை ஏற்றன. இலங்கையும் அவற்றுள் ஒன்று.

அதே நிலக்கரியின் மற்றொரு விளைபொருளான காபனீரொட்சைட்டு, கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் வளிமண்டலத்தில் மில்லியனுக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவாவிற் கீலிங் அளக்கத் தொடங்கிய 1958இல் அது ஏறத்தாழ 315 ஆயிற்று; இன்று 420ஐக் கடந்துவிட்டது.

காரச் சட்டம் ஓரளவு வெற்றி கண்டமைக்கு மூன்று ஏதுக்கள் இருந்தன. கேடு கண்ணுக்குப் புலப்பட்டது. இழந்தோர் வலியோராய் இருந்தனர். தடுக்கப்பட்ட பொருளை விற்க முடிந்தது. காபனீரொட்சைட்டைப் பொறுத்தவரை, கண்ணுக்குப் புலப்படாததை அளந்துகாட்டும் பணியை விஞ்ஞானம் செய்துள்ளது. எஞ்சிய இரண்டும் இங்கு இல்லை. கடல்மட்ட உயர்வாலும் வரட்சியாலும் முதலில் இழப்போர், பிரபுக்கள் சபையில் ஆசனம் உடையோர் அல்லர். அவர்களுடைய இழப்பைச் சட்டத்தின் கணக்கில் ஏற்றுவதற்கு உடைமையின் வலிமை உதவாது. ஒழுங்கமைந்த மக்கள் வலிமையே அப்பணியைச் செய்தல் வேண்டும்.