தொழுநோய்க் கிருமி

மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்பது தொழுநோயை உண்டாக்கும் தண்டு வடிவ பாக்டீரியம். உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். நார்வேயின் பெர்கன் நகரில் 1873-இல் ஆர்மவுர் ஹான்சன் இதைக் கண்டார். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் எந்த ஆய்வுக்கூடமும் இதைச் செயற்கை ஊடகத்தில் வளர்த்துக் காட்டவில்லை. இந்நோயின் ஆய்வு வரலாறு பெரும்பாலும் அந்த இயலாமையைச் சுற்றியே ஓடுகிறது. அதில் மும்பையின் வடாலாவுக்கும் தமிழ்நாட்டின் செங்கல்பட்டுக்கும் பங்கு உண்டு.

இரண்டாகப் பிரிய இக்கிருமிக்கு 12 முதல் 14 நாள் ஆகும். குடலில் வாழும் ஈ.கோலை இருபது நிமிடத்தில் பிரிந்துவிடும். தொற்றியபின் அறிகுறி தெரிய ஆண்டுக்கணக்காவது இதனால்தான். உடல் வெப்பத்தைவிடச் சற்றுக் குளிர்ந்த இடங்களே இதற்குப் பிடிக்கும்: காது மடல், மூக்கு, கைகால் தோல், தோலை ஒட்டி ஓடும் நரம்புகள். நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்லுக்குள் குடியேறும் பாக்டீரியம் இது. உணர்ச்சியற்ற தேமலும் மடங்கிய விரல்களும் அந்தக் குடியேற்றத்தின் விளைவு.

2001-இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. சுமார் 33 லட்சம் எழுத்துகள். வேலை செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 1,600 மட்டுமே. செயலிழந்து கிடப்பவை 1,100-க்கு மேல். டைபஸ் காய்ச்சலைத் தரும் ரிக்கெட்சியாவிலும் இதே கதைதான்: 1998-இல் வெளியான அதன் மரபணுத் தொகுதியில் கால் பங்கு எந்தப் புரதத்தையும் குறிக்கவில்லை. தேவையானதை விருந்தோம்பும் செல்லே கொடுத்துவிட்டால், சொந்தத் தயாரிப்புக்கான மரபணுக்கள் தலைமுறை தலைமுறையாகச் சிதைகின்றன. ஆனால் ரிக்கெட்சியாவைக் கரு வளரும் கோழிமுட்டையிலோ செல் வளர்ப்பிலோ வளர்த்துவிடலாம். லெப்ரே அதற்கும் இணங்குவதில்லை.

வடாலாவிலுள்ள ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை 1890-இல் வீடற்ற தொழுநோயாளர் புகலிடமாகத் தொடங்கியது. அப்போது அந்தப் பகுதி மாதுங்கா என்றே வழங்கியது. நிறுவியவர் பம்பாய் நகராட்சி ஆணையர் எச். ஏ. ஆக்வொர்த். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹவாயின் மொலக்காய் தீவில் பாதிரியார் டேமியன் இந்நோயால் இறந்து, பிரிட்டிஷ் பேரரசெங்கும் பீதி பரவியிருந்தது. 1890–91-இல் இந்தியாவைச் சுற்றிவந்த தொழுநோய் ஆணையம் தொற்றும் அபாயம் மிகக் குறைவு என்றது. அரசோ 1898-இல் தொழுநோயாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. அது நீக்கப்பட்டது 2016-இல்தான்.

அதே பம்பாயில் நரம்புத் தொழுநோயை ஆராய்ந்த வி. ஆர். கனோல்கரும் கமல் ரணதிவே உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் 1958-இல் நோயாளியிடமிருந்து ஒரு கிருமியைப் பிரித்து வளர்த்தார்கள். அது லெப்ரே அல்ல, அதன் உறவினமான வேறொரு மைக்கோபாக்டீரியம் என்று பின்னர் தெரிந்தது. ஆயினும் ஐ.சி.ஆர்.சி. (இந்தியப் புற்றுநோய் ஆய்வு மையம்) என்ற பெயர் பெற்ற அந்தக் கிருமியைக் கதிர்வீச்சால் கொன்று தடுப்பூசி ஆக்கினார்கள். செங்கல்பட்டு வட்டாரத்தில் 1991-இல் தொடங்கிய ஒப்பீட்டுச் சோதனையில் சுமார் 1,71,000 பேர் பங்கேற்றனர். அதில் ஐ.சி.ஆர்.சி. தடுப்பூசி 65.5 விழுக்காடு பாதுகாப்பு தந்தது, பி.சி.ஜி. மட்டும் போட்டவர்களுக்குக் கிடைத்தது 34 விழுக்காடுதான். தவறிப் பிடித்த கிருமிக்கு இது நல்ல மதிப்பெண்.

லெப்ரேயைப் பெருக்க உண்மையில் உதவியவை இரண்டு விலங்குகள். 1960-இல் சார்லஸ் ஷெப்பர்ட் அதை எலியின் பாதத்தில் வளர்த்தார். பாதம் குளிர்ச்சியான இடம். 1971-இல் உடல் வெப்பம் குறைந்த அர்மடில்லோவில் ஏராளமாகக் கிடைத்தது.

1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் ஆகியவற்றின் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் கிருமி ஒழியும். கெட்டுப்போன நரம்பு மட்டும் திரும்பாது. டாக்டர் ஆர். கணபதி 1976-இல் தொடங்கிய பம்பாய் தொழுநோய்த் திட்டம், தமிழர் நிறைந்த தாராவியில் நோயாளிகளை வீட்டிலிருந்தபடியே குணப்படுத்தும் வழியை எடுத்துக்கொண்டது. 2005 டிசம்பரில் இந்தியாவில் நோய் விகிதம் பத்தாயிரத்துக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. எனினும் புதிய நோயாளிகள் ஆண்டுதோறும் வருகிறார்கள். தேமலில் உணர்ச்சி உண்டா, நரம்பு தடித்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதே இன்றும் முதல் சோதனை. மருந்துக்கு அடங்காத கிருமியைக் கண்டுபிடிக்கவும் வளர்ப்புத் தட்டு உதவாது. தோல் மாதிரியிலுள்ள மரபணுவைத்தான் படித்துப் பார்க்கிறார்கள்.