92ஆம் தெருவில் ஒரு மேடை

1958 மார்ச் 30. நியூயார்க்கில் லெக்சிங்டன் அவென்யூவும் 92ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் உள்ள யூதர் மன்றத்தின் அரங்கில், 27 வயது இளைஞர் ஒருவர் தன் நடனக் குழுவை முதன்முறையாக மேடையேற்றினார். பெயர் ஆல்வின் எய்லி. டெக்சாஸில் பிறந்த கறுப்பினத்தவர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1960 ஜனவரி 31இல், அவருடைய 'ரெவலேஷன்ஸ்' அதே மேடையில் அரங்கேறியது. சிறுவயதில் தேவாலயத்தில் கேட்ட பாடல்களையும் அங்கே பார்த்த மனிதர்களையும் வைத்து அவர் அமைத்த நடனம் அது. இன்றும் அவருடைய குழு ஊர் ஊராக அதை ஆடிக்கொண்டிருக்கிறது.

சரி, கறுப்பினக் கிறிஸ்துவத் தேவாலயத்தின் நினைவுகளுக்கு யூதர் மன்றத்தில் என்ன வேலை? இதுக்குப் பதில் வேணும்னா கொஞ்சம் பின்னால் போகணும்.

மன்றம் தொடங்கியது 1874இல். நியூயார்க்கில் ஓரளவு காலூன்றிவிட்ட ஜெர்மானிய யூத வணிகர்களும் தொழில்முறையாளர்களும் சேர்ந்து, தங்கள் இளைஞர்களுக்காக ஏற்படுத்திய சங்கம். இன்றைய கட்டடம் 1930இல் திறக்கப்பட்டது. அது எப்படிப்பட்ட காலம்னு யோசிச்சுப் பாருங்க. பல கிளப்புகளும் விடுதிகளும் யூதர்களை உள்ளே சேர்க்காத காலம். ஹார்வர்ட், கொலம்பியா மாதிரியான பல்கலைக்கழகங்களே யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க வழி தேடிய காலம். வெளியே கதவு திறக்காததால் தங்களுக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். அந்த வீட்டில் தங்கள் ஆட்கள் மட்டும் இருந்தால் போதும் என்று அவர்கள் நினைத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

1934இல் வில்லியம் கொலொட்னி கல்வி இயக்குநராக வந்தார். பாலே நடனத்துக்குப் பெரிய அரங்குகள் இருந்தன. நவீன நடனம் அப்போதுதான் தளிர்விட்டுக்கொண்டிருந்தது, நிலையான இடம் கிடையாது. மார்த்தா கிரஹாம், டோரிஸ் ஹம்ப்ரி போன்றவர்களுக்கு கொலொட்னி மன்றத்தின் கதவைத் திறந்துவிட்டார். 1937 மார்ச் 7 அன்று அங்கே கறுப்பினக் கலைஞர்களின் நடன மாலை ஒன்று நடந்தது. ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் எட்னா கை. புகழ்பெற்ற டெனிஷான் நடனப் பள்ளியில் பயின்றும், நிறத்தின் காரணமாக அதன் முதன்மைக் குழுவில் இடம் கிடைக்காதவர். அன்றைய மேடையில் சிகாகோவிலிருந்து வந்து ஆடியவர் கேத்தரின் டனம். பின்னாளில் அமெரிக்க நடன வரலாற்றையே மாற்றியவர்.

ஆக, 1958இல் எய்லி வந்து நின்ற வாசல் 21 ஆண்டுகளுக்கு முன்பே திறந்திருந்தது.

நடனத்தோடு நிற்கவில்லை. 1939இல் அங்கே கவிதை மையம் தொடங்கியது. வேல்ஸ் கவிஞர் டிலன் தாமஸ் 1950இல் அமெரிக்காவில் முதன்முதலில் கவிதை வாசித்தது அங்கேதான். 1953 மே 14 அன்று அவருடைய 'அண்டர் மில்க் வுட்' நாடகத்தை நடிகர்களோடு சேர்ந்து அவரே அங்கே வாசித்தார். கடைசிப் பக்கங்கள் மேடையேறும் நேரம்வரை எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. அன்றைய ஒலிப்பதிவு மட்டும் இல்லாவிட்டால், அந்த நாடகத்தில் டிலன் தாமஸின் சொந்தக் குரல் நமக்கு மிஞ்சியிருக்குமா என்பதே சந்தேகம். அதே ஆண்டு நவம்பரில் 39 வயதில் அவர் இறந்துபோனார்.

இத்தனை பேர் வந்துபோனதால் அந்த மன்றத்தின் யூத அடையாளம் கரைஞ்சு போச்சான்னு கேட்டால், இல்லை. யூதப் பண்டிகைகளும் சமய வகுப்புகளும் அதே கட்டடத்தில் தொடர்ந்தன. அடையாளமும் திறந்த வாசலும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும் என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சியாக இருந்தது.

2023 அக்டோபரில் அந்தச் சாட்சியம் ஆட்டம் கண்டது. புலிட்சர் பரிசு பெற்ற வியட்நாமிய அமெரிக்க எழுத்தாளர் வியட் தான் நுவென் அக்டோபர் 20 அன்று அங்கே தன் புதிய நூலைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. காஸா மீதான இஸ்ரேலின் தாக்குதலைக் கண்டித்து நூற்றுக்கணக்கான எழுத்தாளர்கள் வெளியிட்ட திறந்த மடலில் அவரும் கையெழுத்திட்டிருந்தார். நிகழ்ச்சிக்குச் சில மணி நேரம் இருக்கும்போது மன்றம் அதைத் தள்ளிவைத்தது. நுவென் ஒரு புத்தகக் கடையில் வாசகர்களைச் சந்தித்தார். கவிதை மையத்தின் ஊழியர்கள் சிலர் வேலையை விட்டு விலகினார்கள். வேறு எழுத்தாளர்கள் வர மறுத்தார்கள். அந்தப் பருவத்தின் இலக்கிய வரிசையையே மன்றம் நிறுத்திவைத்தது.

ஹமாஸ் தாக்குதல் நடந்து அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அந்த மன்றத்துக்கு வருகிறவர்களில் பலர் துக்கத்தில் இருந்தார்கள். அதைக் கணக்கில் எடுக்காமல் பேசுவது நியாயமில்லை. மேடை அவர்களுடையது, யாரைக் கூப்பிடுவது என்பதும் அவர்கள் உரிமை. ஆனால் அந்த மேடைக்குப் பெயர் வந்தது அந்த உரிமையால் இல்லை. தாங்கள் ஒதுக்கப்பட்ட காலத்திலும் மற்றவர்களுக்கு இடம் கொடுத்ததால் வந்தது. அடுத்தவன் சொல்வது வலிக்காத நாளில் வாசலைத் திறந்துவைப்பது சுலபம். வலிக்கிற நாளில் திறந்துவைப்பதற்குத்தான் 1937இல் போட்ட அடித்தளம் தேவைப்பட்டது.

மாதம் ஒரு கூட்டம், ஒரு சிறிய அறை, இருபது நாற்காலி என்று இலக்கியம் நடத்துகிற நமக்கும் இந்த வரலாறு ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறது. நம்ம ஆட்களுக்காகத் தொடங்கிய மேடையில், நம்மைச் சேராத ஒருவரைக் கடைசியாக எப்போது அழைத்தோம்? அவர் நமக்குப் பிடிக்காததைச் சொன்னபோது, பேச்சை முடிக்க விட்டோமா?