பொருந்தல் ஈமக்குழிகள்

பொருந்தல் ஈமக்குழிகள் என்பன தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் உள்ள பொருந்தல் ஊரில் கண்டறியப்பட்ட இரும்புக்கால, தொடக்க வரலாற்றுக்காலப் புதைகுழிகள் ஆகும். புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் இங்கு அகழாய்வு நடைபெற்றது.

அடையாளம் காணும் முறை

இக்காலப் புதைகுழிகளின் மேல் பொதுவாக இறந்தவரின் பெயரைக் குறிக்கும் கல் நடப்படவில்லை. எனவே நிலத்தின் மேற்பரப்பில் தெரியும் அறிகுறிகளைக் கொண்டே அவை இனங்காணப்படுகின்றன:

* கல்வட்டம்: குழியைச் சுற்றி வட்டமாக அடுக்கப்பட்ட பெருங்கற்கள்.
* கற்பதுக்கை: பலகைக் கற்களால் நிலத்தடியில் அமைக்கப்பட்ட அறை. மண் அரிக்கப்பட்ட இடங்களில் பலகைக் கற்களின் விளிம்பு வெளியே தெரியும்.
* பானை ஓடுகள்: உழவின்போது மேலே வரும் கருப்பு-சிவப்பு ஓடுகள்.

உழவுக்காகக் கற்கள் அகற்றப்பட்ட நிலங்களில் முதலிரண்டு அறிகுறிகளும் மறைந்துவிடுவதால், குழி இருக்கும் இடத்தை அறிவது கடினமாகிறது.

கண்டுபிடிப்புகள்

ஒரு கற்பதுக்கையில் நான்கு கால்களுடைய சாடியும், அதனுள் ஏறத்தாழ 2 கிலோ நெல்லும் கிடைத்தன. அதே குழியில், பானையைத் தாங்க உதவும் பிரிமனை ஒன்றில் "வய்ர" என்னும் சொல் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. இது வயிரத்தைக் குறிக்கும் சொல்லாகும். இச்சொல்லை மட்டும் கொண்டு புதைக்கப்பட்டவரின் பெயரை முடிவு செய்ய இயலாது.

காலக்கணிப்பு

நெல்மணிகள் அமெரிக்காவில் உள்ள ஆய்வகம் ஒன்றில் முடுக்கி நிறை நிறமாலை முறையில் ஆராயப்பட்டன. அவற்றின் காலம் கி.மு. 490 என 2011 இல் அறிவிக்கப்பட்டது. மற்றொரு நெல் மாதிரி கி.மு. 450 எனக் கணிக்கப்பட்டது. நெல் ஒரே பருவத்தில் விளைந்து முடிவது. பழைய மரத்தின் கரியைப் போலன்றி, அது புதைக்கப்பட்ட காலத்தை நெருக்கமாகக் காட்டும்.

முக்கியத்துவம்

தமிழ்ப் பிராமி அசோகர் காலத்துக்குப் பின்னரே தோன்றியது என்ற கருத்தை இக்காலக்கணிப்பு கேள்விக்கு உள்ளாக்கியது. ஒரு களத்தின் முடிவு மட்டும் போதாது எனக் கல்வெட்டறிஞர் சிலர் கருத்துத் தெரிவித்தனர். பின்னர் கீழடியில் கிடைத்த கி.மு. 6 ஆம் நூற்றாண்டுக் காலக்கணிப்பு 2019 இல் வெளியிடப்பட்டபோது இவ்விவாதம் மேலும் விரிந்தது.

பெயர் எழுதப்படாத ஈமக்குழியில், கற்களின் அமைப்பும் உடன் வைக்கப்பட்ட பொருள்களும் முக்கியச் சான்றுகள். கல்வட்டங்கள் அகற்றப்பட்டால் கற்களின் அமைப்பு என்னும் சான்றை மீட்பது கடினம்.