மாதம் 255 டாலருக்கு ஒரு விசாரணை வேலை

1933 ஜனவரி. அமெரிக்காவில் வங்கிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம். அந்நாட்டு செனட்டின் வங்கிக் குழுவில் ஒரு பதவி காலி. தலைமை வழக்கறிஞர், அதாவது விசாரணையை நடத்துகிறவர். பெயர் என்னவோ பெரிசுதான், வருவதற்குத்தான் ஆளில்லை! 1929 பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கத்தான் 1932 ஏப்ரலில் விசாரணை ஆரம்பித்தது. பல மாதம் ஆகியும் உருப்படியாக ஒன்றும் வெளியே வரவில்லை. கடைசியாக வந்த வழக்கறிஞர் வந்த வேகத்திலேயே ராஜினாமா செய்துவிட்டுப் போனார்.

குழுத் தலைவர் பீட்டர் நார்பெக். தெற்கு டகோட்டாக்காரர், ஆழ்துளைக் கிணறு போடும் தொழிலிலிருந்து அரசியலுக்கு வந்தவர். தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்ததில் ஒரு பெயர் வந்தது: ஃபெர்டினாண்ட் பெகோரா.

யார் இந்த பெகோரா? 1882-ல் சிசிலித் தீவில் பிறந்தவர். சிறு வயதிலேயே நியூயார்க் வந்துவிட்ட குடும்பம். அப்பா செருப்புத் தைப்பவர். பையன் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலைக்குப் போய், அப்படியே சட்டம் படித்து, 1918-ல் உதவி அரசு வழக்கறிஞர் ஆனார். பங்கு வாங்குவதுபோல் பாவலா காட்டிப் பணத்தைச் சுருட்டும் போலித் தரகுக் கடைகள் நூற்றுக்கும் மேல் அவரால் மூடப்பட்டன. ஆனாலும் 1929-ல் தலைமை அரசு வழக்கறிஞர் பதவிக்கு நிற்க அவருடைய கட்சி அவருக்கு வாய்ப்புத் தரவில்லை. வெறுத்துப்போய்த் தனியாகத் தொழில் செய்துகொண்டிருந்தார்.

நார்பெக் குடியரசுக் கட்சி, பெகோரா ஜனநாயகக் கட்சி. அது இருவருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. சம்பளம் மாதம் 255 டாலர். வேலையும் முதலில் சாதாரணமானதுதான், நடந்த விசாரணைக்கு இறுதி அறிக்கை எழுதித் தரவேண்டும். பெகோரா ஃபைல்களைப் புரட்டிப் பார்த்தார். அறிக்கை எழுதுகிற அளவுக்கு அதில் சரக்கே இல்லை! இன்னும் கொஞ்சம் விசாரிக்க அனுமதி வாங்கினார். மார்ச் 4-ம் தேதியோடு அந்தக் காங்கிரஸின் ஆயுள் முடிகிறது. கையில் இருந்தது சில வாரங்கள்தான்.

அவர் எடுத்தது நேஷனல் சிட்டி பேங்க். தலைவர் சார்லஸ் மிட்செல், அந்தக் காலத்து வால் ஸ்ட்ரீட்டின் முடிசூடா மன்னர். வங்கி நேரடியாகப் பங்கு வியாபாரம் செய்ய முடியாது என்பதால் பக்கத்திலேயே ஒரு துணை நிறுவனம். இரண்டுக்கும் பங்குதாரர்கள் ஒரே ஆட்கள். டெபாசிட் போட வருகிறவரை மெதுவாக அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள். பெரு நாட்டுக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது என்று சொந்த ஆட்களே எழுதி அனுப்பியிருந்தார்கள். அதை மறைத்து 9 கோடி டாலர் பெரு கடன் பத்திரங்களைப் பொதுமக்கள் தலையில் கட்டினார்கள்.

பெகோரா மேஜையைத் தட்டிக் கத்தவில்லை. அந்த வங்கியின் சொந்தக் கணக்குப் புத்தகங்களையும் கூட்டக் குறிப்புகளையும் இராத்திரியில் படித்துவிட்டு, காலையில் அதிலிருந்தே கேட்டார். (அக்கவுண்ட்ஸ் பேப்பரைத் திட்டுகிறவர்கள் கவனிக்கவும்.) பிப்ரவரி 21-ம் தேதி மிட்செல் சாட்சி சொல்ல வந்தார். 1929-ல் பத்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம். வருமான வரி? ஒரு டாலர்கூட இல்லை. வங்கிப் பங்குகளை நஷ்டத்துக்குத் தன் மனைவிக்கே விற்று, அந்த நஷ்டத்தை வருமானத்தில் கழித்துவிட்டார்.

இதைவிட வயிறெரிய வைத்த கணக்கு வேறு. வீழ்ச்சிக்குப் பிறகு, வங்கி அதிகாரிகளைக் காப்பாற்ற ஜாமீனும் இல்லாமல் வட்டியும் இல்லாமல் 24 லட்சம் டாலர் கடன் கொடுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி திரும்பி வரவேயில்லை. சாதாரண குமாஸ்தாக்களுக்கோ 200 டாலர் வாக்கில் வங்கிப் பங்கைத் தவணையில் விற்று, அது 40 டாலர் வாக்கில் விழுந்த பிறகும் மாசாமாசம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாரத்துக்குள் மிட்செல் பதவியை விட்டார். மார்ச்சில் கைதும் ஆனார். ஆனால் ஜூனில் நடுவர்கள் அவரை விடுதலை செய்துவிட்டார்கள்! அரசாங்கம் விடவில்லை. வரியையும் அபராதத்தையும் தனியாகக் கேட்டது. குற்ற வழக்கில் விடுதலையானவரிடமும் அபராதம் வசூலிக்கலாம் என்று 1938-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்ததும் பெகோராவின் வேலை நீண்டது. மே மாதம் ஜே.பி. மார்கன் நிறுவனத்தின் முறை. இருபது பங்காளிகளும் 1931-லும் 1932-லும் அமெரிக்க வருமான வரி கட்டவில்லை. அது சட்டப்படி சரிதான், சிக்கலே அங்கேதான். சந்தையில் 35 டாலர் வாக்கில் போன பங்கை வேண்டியவர்களுக்கு மட்டும் 20 டாலருக்குக் கொடுத்த பட்டியலும் வெளியே வந்தது. மார்கன் இப்படிச் சலுகை விலையில் பங்கு கொடுத்தவர்களில் முன்னாள் ஜனாதிபதி கூலிட்ஜ் பெயர் இருந்தது. அப்போது நிதியமைச்சராக இருந்த வுடின் பெயரும் இருந்தது.

இதன் பிறகு சட்டங்கள் மளமளவென்று வந்தன. 1933-ல் பங்கு வெளியீட்டுச் சட்டம், வங்கியையும் பங்கு வியாபாரத்தையும் பிரித்த கிளாஸ்-ஸ்டீகல் சட்டம் (அந்தப் பிரிவினையை 1999-ல் எடுத்துவிட்டார்கள்), 1934-ல் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம்.

அந்த ஆணையத்தின் தலைவர் பதவியைத்தான் பெகோரா எதிர்பார்த்தார். அவரை விடத் தகுதியானவர் யார்? ரூஸ்வெல்ட் தேர்ந்தெடுத்ததோ ஜோசப் கென்னடியை. பின்னாளில் ஜனாதிபதியான ஜான் கென்னடியின் அப்பா, பங்குச்சந்தை விளையாட்டுகளில் நன்றாகச் சம்பாதித்தவர். பெகோராவுக்குச் சாதாரண உறுப்பினர் இடம், அதுவும் ஒரு வருடத்துக்கு. அந்த ஒரு வருடமும் அவர் இருக்கவில்லை. 1935 ஜனவரியில் ராஜினாமா செய்துவிட்டு நியூயார்க்கில் நீதிபதியாகப் போய்விட்டார்.