பத்தூர் நடராசர்: உலோகமும் மண்ணும் உரைத்த சாட்சி

“அவனன்றி ஓர் அணுவும் அசையாது” என்பது ஆன்றோர் வாக்கு. உலோகத்தின் கலப்பும் அதன் மேல் படிந்த மாசும் சாட்சியாக நிற்க, களவு போன இறைத்திருமேனி ஒன்று தமிழகம் திரும்பிய வரலாற்றைச் செலாயாங் வாழ் மெய்யன்பர்கள் அறிதல் நலம்.

ஈயலம்பங்களால் வளர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களுக்கு வெள்ளீயம் புதிய பொருளன்று. 1857-இல் ஈயம் தேடி அம்பாங் சென்றோராலேயே கோலாலம்பூர் நகரம் தோன்றியது. செம்புடன் வெள்ளீயம் சேரும்போது வெண்கலம் பிறக்கிறது. செம்பணுக்களின் வரிசையில் சற்றே பெரிய வெள்ளீய அணுக்கள் ஆங்காங்கே இடம் பிடிப்பதால், அணு அடுக்குகள் எளிதில் நழுவ இயலாமல் உலோகம் உறுதி பெறுகிறது. காரீயமோ செம்பில் கரையாது, நுண்துளிகளாகத் தனித்து நிற்கும்; ஆயினும் உருகிய உலோகம் அச்சின் நுண்ணிய பகுதிகளிலும் பாய்ந்து நிறைய அது துணைபுரிகிறது. ஐம்பொன் என வழங்கப்படும் சோழர் காலத் திருமேனிகள் பெரும்பாலும் இம்மூன்றின் கலவையே என ஆய்வுகள் காட்டியுள்ளன.

படையெடுப்புக் காலங்களில் இத்தகைய திருமேனிகள் பல மண்ணுக்குள் மறைத்து வைக்கப்பட்டன. ஈரமண்ணில் மேற்பரப்புச் செம்பு சிறிது சிறிதாக அரிக்கப்பட்டு வெளியேற, வெள்ளீயம் ஆக்சைடாக மாறி அங்கேயே தங்குகிறது. மண்ணின் உப்புகளும் மணலும் அதனோடு இறுகிப் படிகின்றன. இவ்வாறு திருமேனி தான் கிடந்த மண்ணின் அடையாளத்தைத் தாங்கி நிற்கிறது.

தமிழகத்தின் பத்தூரில், சிதைந்த சிவன் கோயில் அருகே, 12-ஆம் நூற்றாண்டு நடராசர் திருமேனி 1976-இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டது. அது கைமாறிக் கைமாறி இலண்டனை அடைந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பராமரிப்புக்காக ஒப்படைக்கப்பட்டிருந்த நிலையில், 1982-இல் இலண்டன் காவல்துறை அதனைக் கைப்பற்றியது.

பத்தூரில் பின்னர் கிடைத்த வெண்கலப் பொருள்களோடு இத்திருமேனி ஒப்பிடப்பட்டது. டாக்டர் இரா. நாகசாமி முதலிய சிற்பக்கலை அறிஞரோடு, உலோகத்தையும், ஒட்டியிருந்த மண்ணையும், கறையான் தடங்களையும் ஆராய்ந்தோரும் நீதிமன்றத்தில் சான்றுரைத்தனர். சிதைந்து கிடந்த கோயிலுக்கும் வழக்காடும் உரிமை உண்டென ஏற்கப்பட்டது. 1988-இல் கிடைத்த தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-இல் உறுதி செய்தது. அவ்வாண்டிலேயே பெருமான் தாயகம் திரும்பினார். மாசு முழுவதும் முன்னரே துடைக்கப்பட்டிருந்தால், அச்சாட்சிகளுள் சில அழிந்தே போயிருக்கும்.

ஆயினும் எல்லா மாசும் நன்மை தருவதன்று. உப்பிலுள்ள குளோரைடு வெண்கலத்துள் புகுந்தால், ஈரக்காற்றுப் பட்டு வெளிர்பச்சைப் பொடியாக வெளிப்பட்டு உலோகத்தை அரித்துக்கொண்டே செல்லும். இந்நோய்க்கு ஆளான படிமங்களைக் காக்கவே சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. டாக்டர் எஸ். பரமசிவன் அப்பணிக்கு வழிகாட்டினார்.

ஈரப்பதம் மிகுந்த நம் மலேசியத் திருநாட்டிலும் இவ்விழிப்பு வேண்டும். அபிஷேகம் நிறைவுற்றதும் உற்சவத் திருமேனிகளைத் தூய நீரால் கழுவி, ஈரம் தங்காமல் ஒற்றியெடுத்தல் நன்று. பச்சைப் பொடி தென்பட்டால் சுரண்டாது, அறிந்தோரை நாடுக. திருமேனியைக் காப்பதும் திருத்தொண்டே.